புருவ நடுவில் இரண்டு கோடுகள்: தருமபுரியிலிருந்து எந்தச் சிகிச்சைக்குப் போகலாம்?

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கணக்கு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். விடை சரியாகத்தான் இருந்தது. 'சரி' போடப் பேனாவையும் எடுத்துவிட்டேன். அதற்குள் அவள், "மிஸ், எந்த ஸ்டெப்புல தப்பு?" என்று தொண்டை அடைக்கக் கேட்டாள். நோட்டைப் பார்த்து அவள் அப்படிக் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். எனக்கு வயது 48. புருவ நடுவில் 11 என்று எழுதி வைத்தாற்போல் இரண்டு செங்குத்துக் கோடுகள் விழுந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கோபமே இல்லாத நேரத்திலும் அவை எனக்குக் கோபக்காரி என்று பெயர் வாங்கித் தருகின்றன. ஓசூரில் இருக்கும் என் தங்கையின் குறை வேறு: மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் சிரிப்பு மடிப்பு. அவள் மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம். இருவரும் சேர்ந்து ஆறு மாதமாக விசாரித்ததையும், போடாக்ஸ், ஃபில்லர், களிம்பு என்ற மூன்றில் யாருக்கு எது பொருந்தும் என்று நாங்கள் போட்ட கணக்கையும் இங்கே எழுதுகிறேன்.

விசாரணையில் முதலில் தெளிந்த விஷயம், சுருக்கம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு பொருள்கள் என்பது. கண்ணாடி முன் நின்று முகத்தைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். பிறகு புருவத்தை நெரித்துப் பார்க்க வேண்டும். நெரிக்கும்போது மட்டும் தோன்றி, விட்டவுடன் மறைந்தால் அது தசை போடும் கோடு. நெரிக்காமலே, தூங்கி எழுந்த முகத்திலும் இருந்தால் அது தோலிலேயே பதிந்துவிட்ட கோடு. பெரும்பாலோருக்கு நாற்பதைத் தாண்டினால் இரண்டும் கலந்திருக்கும். எனக்கும் அப்படித்தான்: இரண்டு விரலால் தோலை விரித்துப் பிடித்தால் இடப்பக்கக் கோடு காணாமல் போகிறது, வலப்பக்கக் கோடு ஒரு மெல்லிய தழும்புபோல் நிற்கிறது. இந்தக் கோட்டுக்கு வயது மட்டும் காரணமன்று. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலைப் பார்ப்பதுதான் இயல்பான பார்வை. அப்படிச் சுருக்குவதால் ஒரே தசை ஆயிரமாயிரம் முறை மடிகிறது. அதே வெயிலின் புறஊதாக் கதிர் தோலின் உள்ளடுக்கில் அதைத் தாங்கி நிற்கும் கொலாஜன் இழைகளையும் அரிக்கிறது. மடிப்பதும் மடிந்த இடத்தை மீள விடாததும் ஒரே சூரியன்தான்.

தசை போடும் கோட்டுக்கு உரியது போடாக்ஸ் என்று பொதுவாக அழைக்கப்படும் பாட்டுலினம் ஊசி. போடாக்ஸ் என்பது ஒரு கம்பெனியின் பெயர். டிஸ்போர்ட், ஸியோமின் என்று வேறு பெயர்களிலும் அதே வகை மருந்து வருகிறது. க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நச்சுப் புரதம் இது. கெட்டுப்போன உணவில் சேர்ந்தால் ஆளையே கொல்லக்கூடியதை மிக நுண்ணிய அளவில் எடுத்து மருந்தாக்கியிருக்கிறார்கள். நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் தசைக்கு வந்து சேர்ந்தால்தான் தசை சுருங்கும். அது வெளியே வரும் வாசலை இந்த மருந்து அடைத்துவிடுகிறது. ஊசி போட்ட இடத்துத் தசை சில மாதம் ஓய்வில் கிடப்பதால் மேலே உள்ள தோல் மடிவதில்லை. சான்பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணைச் சரிசெய்ய இதைப் பயன்படுத்திக் காட்டினார். 1989இல் மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்புக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸ், இமைத்துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டவரின் புருவ நடுக்கோடு மழுங்கியிருப்பதைக் கவனித்து, தோல் மருத்துவரான தம் கணவர் அலஸ்டேருடன் சேர்ந்து ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புருவ நடுக்கோட்டுக்கு 2002இல் அனுமதி தந்தது. என்னைப்போல் பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு இந்த வரலாறு கொஞ்சம் தைரியம் தருகிறது: அழகுக்கு வருமுன்பே நோய்க்குப் பல ஆண்டு போட்டுப் பார்த்த மருந்து இது.

புருவ நடுவுக்குப் போடாக்ஸில் வழக்கமான அளவு 20 யூனிட். அதை ஐந்து இடத்தில் பிரித்துப் போடுகிறார்கள். டிஸ்போர்ட் என்றால் அதே இடத்துக்கு 50 யூனிட். இரண்டின் யூனிட்டும் ஒன்றல்ல என்பதால், யூனிட் விலையை மட்டும் கேட்டுவிட்டு எந்த இடத்தில் மலிவு என்று முடிவு செய்யக் கூடாது. எந்தக் கம்பெனி மருந்து, புருவ நடுவுக்கு மொத்தம் எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும். மூன்று நான்கு நாளில் வேலை தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும்; மூன்று முதல் நான்கு மாதம் நிற்கும். நான் பார்க்கப் போன தோல் மருத்துவர் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லாத காலிப் புட்டி என்றே நினைத்தேன். "அடியில பாருங்கம்மா" என்றார். கண்ணாடியில் மூச்சுப் பட்டாற்போல் ஒரு வெண்படலம். அவ்வளவுதான் மருந்து. அதில் உப்புநீரைக் கலந்துதான் ஊசியில் ஏற்றுகிறார்கள். கலக்கும் நீரைக் கூட்டினால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதையும் அப்போதே புரிந்துகொண்டேன். மருந்தை நம் கண்முன் கலக்கச் சொல்வது ஏன் என்பதற்கு அந்தப் படலமே விடை.

பதிந்துவிட்ட கோட்டுக்கும் மடிப்புக்கும் சொல்லப்படுவது ஃபில்லர். பெயருக்கேற்றபடி இது பள்ளத்தை நிரப்புகிறது, தசையைத் தொடுவதில்லை. இன்று பெரும்பாலும் போடப்படுவது ஹயலுரானிக் அமிலக் களி. நம் தோலிலேயே நீரைப் பிடித்து வைக்கும் பொருளைக் கெட்டியாக்கிச் செய்தது. போட்ட அன்றே வித்தியாசம் தெரியும். இடத்தையும் களியின் வகையையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கும். கால்சியம் கலந்த வகையும், பாலிலாக்டிக் அமில வகையும், கரையாமல் நிரந்தரமாக நிற்கும் வகையும் உண்டு. இந்தப் பிந்திய வகைகளை முதல் முறை போட்டுக்கொள்பவர் யோசிக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். பிடிக்காவிட்டால் கரைக்க வழியில்லாத ஒன்றை முகத்துக்குள் வைத்துக்கொள்ள அவசரம் என்ன? ஹயலுரானிக் களியைக் கரைக்க ஹயலுரோனிடேஸ் என்ற மருந்து இருக்கிறது.

கரைக்க மருந்து இருப்பதால் ஃபில்லரே பத்திரமானது, போடாக்ஸைப் போட்டபின் திரும்ப எடுக்க முடியாது என்று பலரும் சொல்கிறார்கள். பெங்களூருவில் குடியிருப்பவருக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். தருமபுரியில் இருப்பவர் அதைத் தலைகீழாகப் போட வேண்டியிருக்கிறது.

போடாக்ஸில் நேரக்கூடிய தவறுகளில் அடிக்கடி பேசப்படுவது இமை இறங்குதல். புருவ நடுவில் போட்ட மருந்து சற்றே நகர்ந்து இமையைத் தூக்கும் தசையைத் தொட்டால், சில நாள் கழித்து ஒரு கண் பாதி மூடியதுபோல் ஆகும். அசிங்கமாகத்தான் இருக்கும், வகுப்பில் நிற்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் சில வாரங்களில் தானாகவே மீளும், அதுவரை சமாளிக்கக் கண் சொட்டுமருந்தும் உண்டு. இரவோடு இரவாக நூறு கிலோமீட்டர் ஓட வேண்டிய தேவை அநேகமாக வராது. விழுங்குவதில் சிரமம், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், உடல் முழுதும் பலவீனம் என்று ஏதேனும் வந்தால் மட்டும் அது வேறு கதை. அந்த நிலையில் ஊசி போட்ட இடத்தைத் தேடிப் போகாமல் அருகில் உள்ள பெரிய மருத்துவமனைக்கே உடனே போக வேண்டும். அழகுக்குப் போடும் சிறிய அளவில், உண்மையான மருந்தில் இது மிக அரிது. போலி மருந்தில் அப்படியல்ல: 2024இல் அமெரிக்காவில் பல மாநிலங்களில் போலியான, முறையற்ற இடங்களில் போட்ட ஊசியால் பலர் மருத்துவமனையில் சேர்ந்ததாக அந்நாட்டு அரசு அமைப்புகளே எச்சரிக்கை விட்டன.

ஃபில்லரின் பெரிய ஆபத்து ரத்தக்குழாய் அடைபடுவது. ஊசி முனை ஒரு தமனிக்குள் போய்விட்டாலோ, களி வெளியிலிருந்து அதை நெருக்கினாலோ, அந்தக் குழாய் ஊட்டும் தோல் வெளுத்து, வலித்து, பின் வலைப்பின்னல்போல் நீலம் பாரிக்கும். உடனே ஹயலுரோனிடேஸ் போடாவிட்டால் அந்த இடம் அழுகிப் புண்ணாகும். களி விழித்திரைக் குழாய்க்குப் போய்விட்டால் பார்வையே போகலாம். இது அரிது, ஆனால் நேர்ந்தால் தோலுக்கு மணிக்கணக்கும் கண்ணுக்கு நிமிடக்கணக்கும்தான் அவகாசம். இதில் மிக ஆபத்தான இடங்களாகச் சொல்லப்படுபவை மூக்கு, நெற்றி, புருவ நடு. பெரும்பாலும் போடும்போதே தெரிந்துவிடும் என்றாலும், சிலருக்குச் சில மணி நேரம் கழித்தே அறிகுறி தெரிகிறது. அந்தச் சில மணி நேரத்தில் தருமபுரிக்காரர் எங்கே இருப்பார்? அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர் தாண்டி, சூளகிரி மேம்பாலத்தில் பஸ் ஜன்னலோரம் முகத்தில் ஐஸ் ஒத்திக்கொண்டு, ஊசி போட்டால் கொஞ்சம் வலிக்கத்தானே செய்யும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு வந்துகொண்டிருப்பார். சேலத்தில் போட்டுக்கொண்டவர் தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் நிற்பார். கரைக்கும் மருந்து இருக்கிறது என்பது உண்மை. அது போட்ட மருத்துவரின் அலமாரியில் இருக்கிறது.

திரும்ப எடுக்க முடியாத போடாக்ஸ் தூரத்தைத் தாங்குகிறது, திரும்ப எடுக்கக்கூடிய ஃபில்லர் தூரத்தைத் தாங்குவதில்லை. ஆறு மாத விசாரிப்பில் எங்களுக்குக் கிடைத்த பெரிய தெளிவு இதுதான். எங்கள் முடிவுகள் எல்லாம் இதிலிருந்தே பிறந்தன.

இனிக் களிம்பு. மூன்றில் இதற்குத்தான் விளம்பரம் குறைவு, ஆகவே பொறுமையாகச் சொல்கிறேன். ட்ரெட்டினாயின் என்பது வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த மருந்து. முகப்பருவுக்கு வந்து, பின்னர் வெயிலால் முதிர்ந்த தோலுக்கும் பயன்பட்டது. இரவில் பட்டாணி அளவு எடுத்து, கண்ணோரத்தையும் வாயோரத்தையும் விட்டு முகம் முழுவதும் தடவ வேண்டும்; 0.025 சதவீதத்தில், வாரம் இரண்டு இரவு என்று தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். முதல் சில வாரம் தோல் சிவந்து உரியும். நம் மாநிறத் தோலுக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு: எரிச்சல் வந்த இடம் ஆறியபின் கறுத்து நிற்கும், அது சுருக்கத்தைவிட மோசமாகத் தெரியும். ஆகவே வேகம் கூடாது. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்; அதுவும் மெல்லிய கோடுகளுக்குத்தான், ஆழமான மடிப்பை இது தொடாது. கருவுற்றவர்களும், கருவுறத் திட்டமிட்டிருப்பவர்களும் தடவக் கூடாது. போடாக்ஸும் கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் வேண்டாம் என்றே சொல்கிறார்கள்.

களிம்பை மருத்துவர் சீட்டில்லாமல் மெடிக்கலில் கேட்டு வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. ட்ரெட்டினாயின் என்று கேட்ட எனக்கு ஒரு கடையில் "இதுதாங்க்கா நல்லாப் போகுது, முகம் பளிச்சுன்னு ஆயிடும்" என்று ஒரு ட்யூபைக் கொடுத்தார்கள். பெட்டியின் பக்கவாட்டில் எறும்பெழுத்தில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டசோன் என்று மூன்று பெயர்கள். மூன்றாவது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் தடவினால் முகத்தோல் மெலிந்து, ரத்தநாளம் தெரிந்து, பரு கிளம்பி, நிறுத்தினால் எரியும். சுருக்கத்தைப் போக்கப் போய்த் தோலை மெலியவைத்துக்கொள்ளும் வேலை அது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

களிம்போடு சேர்த்தே சொல்ல வேண்டியது சன்ஸ்கிரீன். ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்டவர்களிடம் நாலரை ஆண்டு ஆராய்ந்து 2013இல் வெளியான முடிவின்படி, தினமும் தடவியவர்களுக்கு, விருப்பப்பட்டபோது தடவியவர்களைவிடத் தோல் முதிர்வு 24 சதவீதம் குறைவாக இருந்தது. எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், யூவி-ஏ கதிரையும் தடுப்பதாக வாங்கி, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் தடவ வேண்டும். அந்த அளவில் தடவினால் 50 கிராம் ட்யூப் ஒன்றரை மாதம் தாங்கினாலே அதிகம். ஒரு ட்யூபை ஓராண்டு வைத்திருப்பவர் தடவியதாகவே கணக்கில்லை. இதையும் செய்யாமல், வெயிலில் கண்ணைச் சுருக்குவதைத் தடுக்க ஒரு கூலிங் கிளாஸும் போடாமல் ஊசிக்குக் காசு கட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

மற்றவற்றை விரைவாகக் கடக்கலாம். லேசர், ஆழமான பீல் (அமிலம் தடவித் தோலை உரிப்பது) இரண்டும் பதிந்த கோட்டைக் குறைக்கும் என்றாலும் மாநிறத் தோலில் கருமை விடும் வாய்ப்பு அதிகம் என்பதால் நாங்கள் ஒதுக்கினோம். பார்லர்களில் 'ஹேர் போடாக்ஸ்' என்று போர்டு இருப்பதைப் பார்த்து அங்கே முகத்துக்கும் போடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். அது முடிக்குத் தடவும் கலவை, அதில் பாட்டுலினம் கிடையாது. ஊசியில்லாமல் பேனா போன்ற கருவியால் ஃபில்லரைத் தோலுக்குள் பீய்ச்சுவதை எங்குமே ஏற்கக் கூடாது. 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை எதிர்த்துப் பொதுமக்களை எச்சரித்தது.

பணக்கணக்கு. ஊருக்கு ஊர் விலை மாறுவதால் கணக்கு முறையை மட்டும் தருகிறேன். யூனிட் 350 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 யூனிட்டுக்கு 7,000. ஆண்டுக்கு மூன்று முறை என்றால் 21,000. ஐந்தாண்டில் விலை ஏறாமலே 1,05,000. ஃபில்லர் ஒரு சிரிஞ்ச் 25,000 என்று வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை போட்டால் ஐந்தாண்டில் 1,25,000. இதில் பஸ் செலவும், எடுக்கும் லீவும், இரண்டாவது வாரப் பரிசோதனைக்காக இன்னொரு முறை போய்வருவதும் சேராது. நோய்க்கான மருத்துவத்துக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கு அழகுக்கான சிகிச்சைக்குக் கிடையாது. மருத்துவக் காப்பீட்டிலும் இதற்கு இடமில்லை. களிம்பு சில நூறு ரூபாயில் மாதங்கள் வரும். அங்கே செலவு சன்ஸ்கிரீன்தான். போடாக்ஸை நிறுத்திவிட்டால் முகம் முன்பைவிட மோசமாகிவிடும் என்பது தவறு, பழைய கோடு பழையபடி வரும், அவ்வளவே. ஆனால் பழைய கோட்டைப் பார்த்துப் பழகிய கண் மாறியிருக்கும் என்பதால் நிறுத்துவது எளிதன்று என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

யாரிடம் போவது என்பதற்கு எங்கள் வழி இது. முதலில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கிக் காட்டினேன். கோடு எந்த வகை, களிம்பு ஒத்துக்கொள்ளுமா என்பது காசில்லாமல் தெரிந்தது. ஊசிக்குத் தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவராக, மருத்துவக் கவுன்சில் பதிவு எண் உள்ளவராகத் தேடினோம். கேட்ட கேள்விகளில் மிகவும் பயன்பட்டவை இரண்டு. "ஃப்ரிட்ஜுக்கு கரண்ட் போனா பேக்கப் இருக்கா?" என்பது ஒன்று, பிரிக்காத போடாக்ஸ் புட்டியே 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். "ஹயலுரோனிடேஸ் இப்ப கையில எத்தனை புட்டி இருக்கு?" என்பது மற்றொன்று. ஓசூருக்கு அப்பால் ஒரு கிளினிக்கில் இரண்டாவது கேள்விக்கு, "அதெல்லாம் தேவைப்படாது மேடம், தேவைன்னா வரவழைச்சுக்கலாம்" என்றார்கள். தங்கை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கண்புரை அறுவையில் மரப்பு ஊசியோடு கலக்கும் மருந்துதான் அது, கிடைக்காத பொருளன்று.

மயஸ்தீனியா போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்களுக்குப் போடாக்ஸ் கூடாது. பசும்பால் புரதம் ஒவ்வாதவர்களுக்கு டிஸ்போர்ட் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கன்றிப்போகும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் கூடாது. கல்யாணத்துக்காகப் போடுபவர்கள் முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே முடித்துவிட வேண்டும்; பலன் முழுதாகத் தெரியவும், கன்றியது ஆறவும், கூடக்குறைய இருந்தால் சரிசெய்யவும் அவ்வளவு நாள் தேவை.

தங்கைக்கு மடிப்பு என்பதால் போடாக்ஸ் உதவாது, களிம்பும் அந்த ஆழத்துக்கு எட்டாது. ஃபில்லர் ஒன்றுதான் வழி. ஓசூரிலிருந்தாலும் அவள் பெங்களூருவில் எங்கள் சித்தி வீட்டில் இரண்டு இரவு தங்கிப் போட்டுக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறாள், மருத்துவரின் இடம் அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். சித்தி வீட்டில் தங்க முடியாமல் போனால் ஃபில்லரும் வேண்டாம் என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட நிபந்தனை.

நான் ஆறு மாதம் களிம்பும் சன்ஸ்கிரீனும் தடவிவிட்டேன். கன்னம் மென்மையாகிவிட்டது, புருவ நடுவில் இடக்கோடு அப்படியே இருக்கிறது, நெரிப்பதை நான் நிறுத்தவில்லையே. அங்கே ஃபில்லர் போடுவதில்லை என்று உறுதியாக இருக்கிறேன். போடாக்ஸ் ஒரு முறை போட்டுப் பார்த்து, நான்கு மாதம் கழித்து வேண்டுமா என்று தீர்மானிப்பதாக ஓசூரில் ஒரு சனிக்கிழமைக்கு நாள் வாங்கியிருக்கிறேன். போட்டபின் நான்கு மணி நேரம் படுக்கக் கூடாது, அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, அந்த வாரம் பார்லரில் ஃபேஷியல் கூடாது என்றார் மருத்துவர். அன்று முழுதும் புருவ நடுவை விரலால் அழுத்திக் குங்குமம் வைக்கவும் கூடாதாம். ஊசிக்குப் போவதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஊரிலிருந்து அவர் வந்து இறங்குவதும் அதே சனிக்கிழமை மாலைதான். வெறும் நெற்றியோடு கதவைத் திறந்தால் முதலில் கேட்கப்போவது கோட்டைப் பற்றி அல்ல.